ஊசிக்குப் பணம் உண்டு, பொடிக்கு இல்லை: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

என் மகளுக்குக் குரோன் நோய். அதற்கு அவளுடைய மருத்துவர் ஒரே சீட்டில் இரண்டு பொருட்களை எழுதித் தருகிறார்: நரம்பு வழியாக ஏற்றப்படும், எதிர்ப்பாற்றலை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமேப் என்ற மருந்து ஒன்று, நீரில் கரைத்துக் குடிக்க வேண்டிய ஊட்டச்சத்துப் பொடி மற்றொன்று. நாங்கள் ஆண்டு தவறாமல் பிரீமியம் கட்டிவரும் காப்பீட்டு நிறுவனம் முதலாவதற்குப் பணம் தருகிறது. இரண்டாவதை ஒவ்வொரு முறையும் பில்லிலிருந்து கழித்துவிட்டு, 'உணவுத் துணைப்பொருள், விலக்கு 14' என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறது. கடைசியாக வந்த கடிதத்தில், இந்த முடிவு இறுதியானது என்றும் இனி இதே பொருளுக்கு க்ளெய்ம் அனுப்ப வேண்டாம் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது உங்கள் ஆணையம் வகுத்த விதி. அந்த விதியை நிறுவனம் பாதி மட்டுமே படித்திருக்கிறது. ஆகவே இதை நிறுவனத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். இதே கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் பிற பெற்றோரும் படிக்க வேண்டும் என்பதால் வெளிப்படையாகவும் தமிழிலும் எழுதுகிறேன்.

குரோன் நோய் என்பது குடலை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கிப் புண்ணாக்கும் நாட்பட்ட நோய். 1932-இல் நியூயார்க் மருத்துவர்கள் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் விவரித்ததிலிருந்து இதற்கு இந்தப் பெயர். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. புண் குடல் சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவுவதால், காலப்போக்கில் குடல் சுருங்கி அடைபடுகிறது, அல்லது துளைவிழுந்து பக்கத்து உறுப்போடு ஒட்டிக்கொள்கிறது. முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு. வளரும் வயதில் வந்தால் இன்னொரு கேடும் சேர்ந்துகொள்கிறது: புண்பட்ட குடல் சத்தை உறிஞ்சாததாலும், அழற்சியே வளர்ச்சியைத் தடுப்பதாலும், பிள்ளையின் உயரமும் எடையும் நின்றுவிடுகின்றன, பருவமடைவதும் தள்ளிப்போகிறது. அந்த ஆண்டுகள் கடந்துவிட்டால் இழந்த உயரத்தைப் பிறகு எந்த மருந்தாலும் மீட்க முடியாது.

நம் நாட்டில் இந்த நோயைக் கண்டுபிடிப்பதே தாமதமாகிறது. குடல் காசநோயும் குரோன் நோயும் எண்டோஸ்கோப்பியிலும் திசுப் பரிசோதனையிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரிவதால், காசநோய் பரவலாக உள்ள இந்தியாவில் மருத்துவர்கள் முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். அதில் அவர்கள் மேல் குறை சொல்ல எதுவுமில்லை. காசநோயைக் குரோன் என்று எண்ணி எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. என் மகளுக்கும் அப்படித்தான் நடந்தது. வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் தொடங்கியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பூச்சி மருந்து, அல்சர் மருந்து, காசநோய் மருந்து எல்லாம் முடிந்து நோயின் பெயர் தெரியவந்தபோது, வகுப்பில் அவளுக்குப் பின்வரிசையில் நின்ற பிள்ளைகள் அவளைவிடத் தலையளவு வளர்ந்திருந்தார்கள். அதன்பின் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். வலி குறைந்தது, முகம் உப்பியது, உயரம் ஓர் அங்குலமும் கூடவில்லை. மாத்திரையைக் குறைத்ததும் நோய் திரும்பியது.

அந்தக் கட்டத்தில்தான் மருத்துவர் இரண்டையும் சேர்த்துத் தரும் திட்டத்துக்கு வந்தார். காசநோய்க் கிருமி உடலில் ஒளிந்திருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்-ரேயும் எடுத்த பிறகு, இன்ஃப்ளிக்ஸிமேப் தொடங்கப்பட்டது: உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், அதன்பின் எட்டு வாரத்துக்கு ஒரு முறை. அதனுடன் முதல் எட்டு வாரமும் வேறு எந்த உணவும் இல்லாமல் பொடியைக் கரைத்த நீர்மம் மட்டும். வாயால் குடித்து முடியாத அளவை இரவில் மூக்கு வழியாகச் செலுத்திய மெல்லிய குழாயில் விட்டோம். அந்த வாரங்களில் பொங்கல் வந்தது. அவள் வீட்டில் இருக்கும் நேரத்தில் அடுப்பில் தாளிப்பதில்லை என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். இதைச் சொல்வது இரக்கத்தைக் கேட்பதற்காக அல்ல. எட்டு வாரம் சோறு, இட்லி, ஒரு துண்டு முறுக்குகூட இல்லாமல் ஒரு பிள்ளையை வைத்திருப்பது எந்தக் குடும்பமும் ஆரோக்கியத்துக்காக விரும்பிச் செய்யும் காரியம் அல்ல என்பதை, 'ஹெல்த் டிரிங்க்' என்று தொலைபேசியில் எனக்கு விளக்கம் சொன்ன க்ளெய்ம் பிரிவு அலுவலர் அறிய வேண்டும் என்பதற்காக.

எட்டு வாரம் முடிந்ததும் உணவை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் பொடியை நிறுத்தவில்லை. நாளொன்றுக்கு வேண்டிய கலோரியில் ஏறத்தாழப் பாதியைப் பொடியிலிருந்தே எடுக்க வேண்டும், மருந்து ஏற்றப்படும் காலம் முழுவதும் இதுவும் தொடர வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. ஓராண்டில் அவள் எடை கூடியது; நின்றிருந்த உயரம் வளரத் தொடங்கியது; மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற அழற்சிக் குறியீடு இயல்பு அளவுக்கு அருகில் வந்தது.

இந்தப் பொடியை வெறும் சத்துமாவு என்று எண்ணுகிறவர்களுக்காக அதன் வேலையைச் சொல்ல வேண்டும். புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, வைட்டமின், தாது ஆகிய அனைத்தும் அளந்து சேர்க்கப்பட்டு, வேறு எதையும் உண்ணாமலேயே மாதக்கணக்கில் ஒருவரை வாழவைக்கக்கூடிய முழு உணவு அது. அதை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது குடலுக்குள் செல்லும் பலவகை உணவுப் பொருட்கள் நின்றுபோகின்றன, குடல் நுண்ணுயிர்களின் கூட்டமைப்பு மாறுகிறது, அழற்சி தணிகிறது. 2006-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட 37 குழந்தைகளில் பத்து வாரம் இத்தகைய நீர்மம் மட்டும் பெற்றவர்களில் 74 விழுக்காட்டினருக்குக் குடல் புண் ஆறியது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்கே ஆறியது. ஐரோப்பியக் குடல் அழற்சி அமைப்பும் ஐரோப்பியக் குழந்தைகள் இரைப்பைக்குடல் மருத்துவச் சங்கமும் 2014-இல் இணைந்து வெளியிட்ட வழிகாட்டுதல், குழந்தைகளின் குரோன் நோயை அடக்குவதற்கு முதலில் தேர்ந்தெடுக்க வேண்டிய சிகிச்சை என்று இதையே குறிப்பிடுகிறது. ஸ்டீராய்டு அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது. அதாவது உங்கள் விதி 'துணை' என்று ஒதுக்கும் பொருளை, நோயை அறிந்தவர்கள் முதல் மருந்து என்கிறார்கள்.

அடக்கிய நோய் திரும்பாமல் காப்பதில் இதன் பங்கைப் பெரும்பாலும் ஜப்பான்தான் ஆராய்ந்திருக்கிறது. 2006-இல் தோஹோகு பல்கலைக்கழகத்தார் 51 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் கலோரியில் பாதியைச் செரிமானமே தேவைப்படாத எளிய மூலச்சத்து நீர்மமாகவும் மறுபிரிவினருக்கு வழக்கமான உணவையும் கொடுத்தார்கள். வழக்கமான உணவு உண்டவர்களில் 64 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. நீர்மம் எடுத்தவர்களில் 34.6 விழுக்காட்டினருக்கு. இன்ஃப்ளிக்ஸிமேபோடு சேர்த்துக் கொடுத்த நான்கு ஆய்வுகளை, மொத்தம் 342 நோயாளிகளை, 2015-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தோடு ஊட்டச்சத்து நீர்மமும் பெற்றவர்களில் 69.4 விழுக்காட்டினர் நோய் அடங்கிய நிலையை எட்டினார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 45.4 விழுக்காட்டினர். இந்த மருந்து காலப்போக்கில் வீரியம் இழக்கக்கூடியது. ஆண்டுக்குச் சுமார் 13 விழுக்காட்டினருக்கு அது வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது என்று ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களின் உடலிலிருந்து மருந்து விரைவாக வெளியேறிவிடுகிறது என்பதும் அறியப்பட்டதே. சத்து இல்லாத உடலில் ஊற்றும் விலையுயர்ந்த மருந்து தங்குவதில்லை என்று எங்கள் மருத்துவர் சொன்னதற்கு இதுதான் பொருள்.

எதிர்ச் சான்றையும் நானே முன்வைக்கிறேன், ஏனெனில் நிறுவனத்தின் மருத்துவக் குழு அதைத் தேடி எடுக்கக்கூடும். இந்த நான்கு ஆய்வுகளும் பெரியவை அல்ல; சில, பழைய பதிவேடுகளைப் பின்னோக்கிப் பார்த்தவை. 2010-இல் ஜப்பானிலேயே 56 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், நீர்மம் சேர்த்தவர்களில் 78 விழுக்காட்டினரும் சேர்க்காதவர்களில் 67 விழுக்காட்டினரும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. பெரியவர்களில் பலர் பொடியின் சுவையைத் தாங்காமல் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஒரு சிகிச்சை யாருக்கு, எவ்வளவு காலம் பொருந்தும் என்ற கேள்வி மருத்துவருக்கு உரியது. அந்தக் கேள்வியை ஆராய்ந்து, இந்த நோயாளிக்கு இது தேவையில்லை என்று ஒரு குடல் மருத்துவர் எழுதி மறுத்திருந்தால் நான் அவரோடு வாதாடியிருப்பேன். உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். எனக்கு வந்த கடிதங்களில் நோயின் பெயரே இல்லை. பொருளின் பெயரைப் பார்த்தார்கள், பட்டியலில் தேடினார்கள், கழித்தார்கள்.

இனி விதிக்கு வருகிறேன். மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் எவற்றை விலக்கலாம் என்பதை ஒரே சீராக்கி 2019 செப்டம்பரில் உங்கள் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பாலிசிதாரர்களுக்குப் பெரிய நன்மை செய்தவை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறிய மறுப்புக் காரணங்களை அவை ஒழுங்குபடுத்தின. ஊசியாகச் செலுத்தப்படும் மோனோக்ளோனல் ஆன்டிபாடி மருந்துகளை (இன்ஃப்ளிக்ஸிமேப் அவற்றில் ஒன்று) நவீனச் சிகிச்சைகளின் பட்டியலில் சேர்த்து, அவற்றை ஒட்டுமொத்தமாக விலக்கக் கூடாது என்று சொன்னதும் அவைதான். என் மகளின் இன்ஃப்ளிக்ஸிமேபுக்கு இன்று பணம் கிடைப்பது அந்த ஒரு வரியால். அதற்கு நன்றியுடையவள் நான்.

அதே வழிகாட்டுதலில் உள்ள பதினான்காவது விலக்கு, மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய உணவுத் துணைப்பொருட்களையும் வைட்டமின், தாது போன்றவற்றையும் விலக்குகிறது. ஆனால் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. மருத்துவமனையில் சேர்த்த க்ளெய்மின் பகுதியாகவோ பகல்நேரச் சிகிச்சையின் பகுதியாகவோ மருத்துவர் எழுதித் தந்திருந்தால் இந்த விலக்கு பொருந்தாது என்று அதே வாக்கியம் தொடர்கிறது. என் மகள் மருந்து ஏற்றுவதற்காக ஒவ்வொரு முறையும் பகல்நேரச் சிகிச்சையாக அனுமதிக்கப்படுகிறாள். டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் அளவுக்கு அடுத்த வரியிலேயே பொடியின் பெயர், நாளொன்றுக்கு எத்தனை மில்லிலிட்டர், எத்தனை வாரம் என்பதெல்லாம் மருத்துவரின் கையொப்பத்தோடு இருக்கின்றன. விதிவிலக்குக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டைத் தேடினாலும் கிடைக்காது. இதை மேற்கோள் காட்டி நான் எழுதியபோது, விதிவிலக்கு மருத்துவமனைக்குள் உட்கொண்ட பொருளுக்கு மட்டுமே என்று பதில் வந்தது. அப்படி ஒரு கட்டுப்பாடு அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை. மருந்து ஏறும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எட்டு வார உணவை எந்தக் குழந்தையும் குடித்து முடிக்கவும் முடியாது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் குறிப்பிட்ட நாட்கள் வரை அதே நோய்க்காக ஆகும் செலவைத் தருவோம் என்று எங்கள் பாலிசியே சொல்கிறது. அந்த நாட்களுக்குள் வாங்கிய மாத்திரைக்கு அவர்கள் பணம் தந்தும் இருக்கிறார்கள். அதே கடையில், அதே பில்லில், மாத்திரைக்கு அடுத்த வரியில் உள்ள பொடிக்குத்தான் மறுப்பு.

இன்னொரு முரண்பாட்டையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், சத்து மாத்திரை, புரதப் பொடி போன்ற துணைப்பொருட்களிலிருந்து பிரித்து, சிறப்பு மருத்துவ நோக்கத்துக்கான உணவு என்று ஒரு தனி வகையையே உருவாக்கியிருக்கின்றன. மருத்துவ ஆலோசனையின் பேரில் மட்டுமே பயன்படுத்தப் பரிந்துரைக்கப்படுகிறது என்ற அறிவிப்பு அந்த வகைப் பொருட்களின் லேபிளில் இருந்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டு அலமாரியில் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு டின்னிலும் அது இருக்கிறது. மைய அரசின் ஓர் ஆணையம் மருத்துவர் சொல்லாமல் தொடாதே என்கிறது. மற்றோர் ஆணையத்தின் விதியைக் காட்டி நிறுவனம், இது யாரும் சீட்டில்லாமல் வாங்கக்கூடியது என்கிறது. மருந்துக் கடையில் சீட்டைக் கேட்காமல் கொடுத்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான். நம் ஊரில் ஆன்டிபயாடிக்கையும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். அதனால் அதை யாரும் துணைப்பொருள் என்று சொல்வதில்லை.

செலவைச் சொல்லாமல் இந்த முறையீடு முழுமை பெறாது. எங்களுக்கு எழுதித் தரப்பட்ட பொடியின் 400 கிராம் டின் ஒன்றில் ஏறத்தாழ 2,000 கலோரி இருக்கிறது. வளரும் பிள்ளைக்கு வேறு உணவே இல்லாத காலத்தில் அது ஒரு நாளைக்குக்கூடச் சில சமயம் போதாது. எட்டு வாரத்துக்கு 56 டின்னுக்குக் குறையாது. அதன்பின் பாதி அளவு என்றாலும் இரண்டு நாளைக்கு ஒரு டின். தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் என் சம்பளத்தில் பாதிக்கு மேல் அந்த எட்டு வாரங்களில் டின்களுக்கே போனது. இரண்டாம் ஆண்டில், நிறுவனத்தின் மறுப்பு உறுதியான பிறகு, பாதி அளவைக் காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் என்று சுருக்குவதைத் தவிர எங்களுக்கு வழி இருக்கவில்லை. சில மாதங்களில் கால்ப்ரொடெக்டின் மீண்டும் ஏறியது, வயிற்றுவலி தலைகாட்டியது. பொடியைக் குறைத்ததால்தான் இது நேர்ந்தது என்று நான் அறுதியிட்டுச் சொல்லவில்லை. மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை, மருந்தின் வீரியம் தானாகவும் குறைந்திருக்கலாம். அவர் செய்யக்கூடியதைச் செய்தார்: எட்டு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றிய மருந்தை ஆறு வாரத்துக்கு ஒரு முறையாக மாற்றினார். ஆண்டுக்கு ஆறு அல்லது ஏழு முறை ஏறிய மருந்து இப்போது எட்டு அல்லது ஒன்பது முறை ஏறுகிறது.

கூடுதலாக ஏறிய ஒவ்வொரு முறைக்கும் நிறுவனம் ஒரு கேள்வியும் கேட்காமல் பணம் கொடுத்தது. ஆனையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குச் சண்டை போடுகிறார்கள் என்று என் மாமியார் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவள் என்பதால், நிறுவனத்தின் பக்கத்திலிருந்தும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவர்களுக்கும் இது நட்டமே. நாளை குடல் சுருங்கி அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கும் அவர்கள்தான் பணம் தர வேண்டும், தருவார்கள். நோய் கண்டறியப்பட்ட பத்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது என்று பல நாட்டு மக்கள்தொகை ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. நோய் முற்றிய பிறகு இலட்சங்களில் கொடுக்கத் தயாராக இருக்கும் ஓர் ஏற்பாடு, முற்றாமல் காக்கும் செலவை மட்டும் குடும்பத்தின் தலையில் வைக்கிறது.

இந்தியாவுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. இன்ஃப்ளிக்ஸிமேப், உடலில் ஒளிந்திருக்கும் காசநோயைத் தட்டி எழுப்பக்கூடியது. அதன் அளவையும் எண்ணிக்கையையும் கூட்டும் ஒவ்வொரு முறையும் என் போன்ற பெற்றோர் அஞ்சுவது இதற்குத்தான். ஊட்டச்சத்து நீர்மம் எதிர்ப்பாற்றலை அடக்குவதில்லை. காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் நாட்டில், எதிர்ப்பாற்றலைக் குறைக்காமல் நோயை அடக்க உதவும் ஒரு சிகிச்சைக்குப் பணம் மறுப்பது எந்தக் கணக்கில் சரி என்று எனக்குப் புரியவில்லை.

மற்ற நாடுகள் இதே சிக்கலை எதிர்கொண்டு தீர்வும் கண்டிருக்கின்றன. ஜப்பானில் மூலச்சத்து நீர்மம் மருந்தாகவே பதிவு செய்யப்பட்டு, தேசிய மருத்துவக் காப்பீட்டில் மருந்துச் சீட்டுக்கு வழங்கப்படுகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வுகள் அந்த நாட்டில் அதிகம் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பிரிட்டனில், உணவா மருந்தா என்ற எல்லையில் நிற்கும் பொருட்களை ஆராய்வதற்கென்றே ஓர் ஆலோசனைக் குழு இருக்கிறது. அது எந்த நோய்க்கு எந்தப் பொருளைச் சீட்டில் எழுதலாம் என்று பட்டியலிடுகிறது. குரோன் நோய்க்கான பொடி அந்தப் பட்டியலில் இடம்பெற்று அரசு மருத்துவச் சேவை வழியாகக் கிடைக்கிறது. இங்கே அந்த எல்லையைத் தீர்மானிப்பவர், நிறுவனத்தின் சார்பில் க்ளெய்மைப் பரிசீலிக்கும் இடைநிலை அமைப்பான டிபிஏவில் பில்லைப் பார்த்துக் கழிக்கும் ஊழியர்.

இந்தக் கதவைத் திறந்தால் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்களின் புரதப் பொடி பில்லும் உள்ளே வரும் என்ற அச்சம் நிறுவனங்களுக்கு இருக்கலாம். அது நியாயமான அச்சம். அதனால்தான் எல்லாச் சத்துப் பொருட்களுக்கும் பணம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 'உணவே மருந்து' என்ற பொன்மொழியை வைத்தும் இதைக் கேட்கவில்லை. அந்தப் பொன்மொழி எங்களுக்குத் தொல்லையே தந்திருக்கிறது: கேழ்வரகுக் கூழ் கொடுங்கள், மாதுளைத் தோல் கஷாயம் கொடுங்கள் என்று சொல்லாத உறவினர் இல்லை, வீட்டுக் கஞ்சியே போதாதா என்று கேட்ட க்ளெய்ம் அலுவலரும் அந்த நம்பிக்கையில்தான் கேட்டார். நான் கேட்பது, சட்டத்தில் தனி வகையாக ஏற்கெனவே வரையறுக்கப்பட்ட பொருள், பெயர் குறிப்பிட்ட நோய்க்கு, அந்த நோயின் மருத்துவர் அளவும் காலமும் எழுதிக் கொடுத்த நிலையில், அதைச் சிகிச்சையின் பகுதியாக நடத்த வேண்டும் என்பது மட்டுமே.

ஆகவே ஆணையத்திடம் நான் வைக்கும் கோரிக்கைகள் இவை.

முதலாவதாக, பதினான்காவது விலக்கில் உள்ள விதிவிலக்கு எதுவரை செல்லும் என்பதை ஒரு சுற்றறிக்கை மூலம் தெளிவாக்குங்கள். சிறப்பு மருத்துவ நோக்கத்துக்கான உணவு என்று உரிமம் பெற்ற பொருள், மருத்துவமனை அனுமதியின்போதோ பகல்நேரச் சிகிச்சையின்போதோ டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டிருந்தால், அது வீட்டில் உட்கொள்ளப்பட்டாலும், பாலிசியில் உள்ள மருத்துவமனைக்குப் பிந்தைய செலவுக்கான நாட்கள் முழுவதற்கும் விதிவிலக்கில் அடங்கும் என்று அதில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். புதிய விதி தேவையில்லை. இருக்கும் வாக்கியத்தை முழுமையாகப் படிக்கச் சொன்னால் போதும்.

இரண்டாவதாக, பணம் தரத் தேவையில்லாத பொருட்களின் பட்டியலில் உள்ள 'உணவுச் செலவு', 'குழந்தை உணவு' ஆகிய தலைப்புகளைக் காட்டி இந்த வகைப் பொருட்களைக் கழிக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்கும் டிபிஏக்களுக்கும் அறிவுறுத்துங்கள்.

மூன்றாவதாக, குரோன் போன்ற குடல் அழற்சி நோயாளிகளின் ஊட்டச்சத்துச் சிகிச்சைக்கான க்ளெய்மை மறுப்பதானால், குடல் நோய்த் துறையில் தகுதி பெற்ற மருத்துவர் ஒருவர் அந்த நோயாளியின் பதிவுகளைப் படித்து, மருத்துவக் காரணத்தைத் தன் கையொப்பத்தோடு எழுதித் தர வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். அந்த விளக்கம் பாலிசிதாரர் கேட்கும் மொழியில் இருக்க வேண்டும்.

நான்காவதாக, இன்ஃப்ளிக்ஸிமேப் போன்ற உயிரியல் மருந்து தொடர்ந்து ஏற்றப்படும் நாட்பட்ட நோய்களில், இரண்டு ஏற்றங்களுக்கு இடைப்பட்ட காலத்தின் ஊட்டச்சத்துச் சிகிச்சைக்கு ஆண்டு உச்சவரம்போடு காப்பு அளிக்கும் பிரிவு ஒன்றை வரையறுத்து, எல்லா நிறுவனங்களும் அதைத் தர வேண்டும் என்று ஆணையிடுங்கள். ஆரோக்கிய சஞ்சீவனி என்ற ஒரே மாதிரியான பாலிசியை 2020-இல் எல்லா நிறுவனங்களையும் விற்க வைத்தவர்கள் நீங்கள். ஆகவே இது உங்களால் இயலாதது அல்ல. உச்சவரம்பை முடிவு செய்யும் முன் குழந்தைகள் குடல் மருத்துவர்களையும் மருத்துவ உணவியலாளர்களையும் நோயாளிக் குடும்பங்களையும் அழைத்துக் கேளுங்கள். எந்த ஊருக்கு அழைத்தாலும் என் மகளின் கோப்புகளோடு வரத் தயாராக இருக்கிறேன்.

ஐந்தாவதாக, பதினான்காவது விலக்கைக் காட்டி ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் எத்தனை க்ளெய்ம்களை, எந்தெந்த நோய்களில், எவ்வளவு தொகைக்குக் கழித்தது என்ற விவரத்தைத் திரட்டி உங்கள் ஆண்டறிக்கையில் வெளியிடுங்கள். சுற்றறிக்கை வெளியாகும் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் இதே காரணத்தால் கழிக்கப்பட்ட தொகைகளை, குடும்பங்கள் மீண்டும் விண்ணப்பித்தால் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற உத்தரவையும் அந்தச் சுற்றறிக்கையிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குரோன் நோயுள்ள ஒரு மாணவியின் தாய்,
திருச்சிராப்பள்ளி.